நன்றியும் நடுவுநிலைமையும்
(முதிர்ந்த ஆட்டக்காரர் புதிய கழகம் புகுவது பற்றிய ஓர் அறவிசாரம்)

மனிதர் பயிலும் தொழில்களுள் உடலை முதலாகக் கொண்டவை விரைவில் முதுமையடைவன. ஆசிரியரும் வைத்தியரும் கவிஞரும் 50 வயதிலே தத்தம் துறையின் நடுவில் நிற்பர். உதைபந்தாட்டக்காரரோ 35 வயதைத் தாண்டும்பொழுதே, “இவர் இன்னும் ஆடுகின்றாரா?” என்னும் வினாவை எதிர்கொள்கின்றார். அவ்வினாவிலே வியப்பும் உண்டு. விலகிச் செல்லுமாறு விடுக்கும் குறிப்பும் உண்டு. இவ்வாறு தம் ஆட்டக்காலத்தின் அந்தியை அடைந்த ஒருவர், தாம் வளர்ந்த கழகத்தை விட்டு வேறொரு கழகத்திற் சேர்வாராயின், அக்கழகத்துக்கு நேர்வது நன்மையா தீமையா என்பது விளையாட்டுப் பற்றிய வினாப்போலத் தோன்றும். சற்று ஆழ்ந்து நோக்கின், ஓர் இடத்துக்கு உரியவர் யார், அவ்வுரிமை எதனால் வருகின்றது என்னும் பழைய அறவினாவே அதனுள் மறைந்திருப்பதைக் காணலாம்.

முதற்கண் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். ஒரு கழகத்திலேயே ஆடி முதிர்ந்தவர் ஒருவகையினர். முதிர்ந்தபின் ஒரு கழகத்துக்கு வருபவர் பிறிதொரு வகையினர். முன்னவருக்குக் கழகம் கடன்பட்டிருக்கின்றது. அவருடைய இளமை முழுவதும் அதன் வெற்றிகளிற் செலவாகியுள்ளது. அவருக்கு இறுதியாண்டுகளிற் சற்றுச் சலுகை காட்டினும் அதனை நன்றிக்கடன் என்று கொள்ள இடமுண்டு. பின்னவரின் நிலை வேறு. அவர் உழைப்பின் பயனை வேறு யாரோ உண்டுவிட்டனர். புதிய கழகம் அவருக்கு எக்கடனும் பட்டிருக்கவில்லை. எனினும் அவருக்கு இடம் தருகின்றது. எதன்பொருட்டு?

இவ்வினா பெருநகரங்களின் பெருங்கழகங்களுக்கு மாத்திரம் உரியதன்று. வடமராட்சியிலே, கரவெட்டியிலும் அதனையடுத்த துன்னாலை, கரணவாய், நெல்லியடி முதலாம் இடங்களிலும் உதைபந்து எவ்வாறு ஆடப்படுகின்றது என்பதை அறிந்தோர் இதன் கூர்மையை உணர்வர். இங்கு விளையாட்டுக் கழகம் என்பது பெரும்பாலும் ஒரு சனசமூக நிலையத்தின் உடன்பிறப்பு. பத்திரிகை படிக்கும் மண்டபமும் பந்தடிக்கும் வெளியும் ஒரே குறிச்சிக்கு உரியன. ஒரே குறிச்சியின் மானத்தையும் தாங்குவன. இங்கே ஆட்டக்காரருக்குச் சம்பளம் இல்லை, ஒப்பந்தம் இல்லை. களத்தில் ஓரிடம் என்பதே அவர் பெறும் ஒரே ஊதியம். அணிக்கு 9 பேர், சிலவேளை 7 பேர் என்று சுற்றுப்போட்டிகள் நடத்தப்படும் இச்சூழலில், ஓர் இடம் ஒருவருக்கு அளிக்கப்படுகின்றதெனின் அது மற்றொருவருக்கு மறுக்கப்படுகின்றது என்பதே பொருள். அந்த மற்றொருவர் பெரும்பாலும் 17 அல்லது 18 வயதுடைய ஒரு பையன்.

1983 இன் பின்னர் இப்பகுதியின் இளைஞருட் பெருந்தொகையினர் கடல்கடந்தனர். 1987 இல் வடமராட்சியில் நிகழ்ந்த இராணுவ நடவடிக்கையும் அதனைத் தொடர்ந்த இடப்பெயர்வுகளும், 2009 இல் முடிவுற்ற நீண்ட போரும் ஊர்களின் வயதுக் கட்டமைப்பையே மாற்றின. இளையோர் அருகிய ஊரில் மூத்தோர் நெடுநாள் ஆடவேண்டியிருந்தது. அதனை எவரும் குறைகூறல் ஆகாது. அவர்கள் ஆடாதிருந்தால் ஆட்டமே அற்றுப்போயிருக்கும். ஆனால் இடைவெளியை நிரப்பவந்த ஒருவர், இடைவெளி மறைந்த பின்னரும் அங்கேயே நிற்பாராயின், முன்பு கொடையாக இருந்தது பின்பு தடையாக மாறிவிடுகின்றது. செயல் ஒன்றே, காலமே அதன் அறப்பெறுமானத்தை மாற்றுகின்றது.

இனி, இடத்துக்கு உரியவர் யார் என்னும் வினாவை நேரே எடுத்துக்கொள்வோம். கிரேக்க ஞானியாகிய அரிஸ்டோட்டில் தமது அரசியல் நூலிலே இதற்கு ஓர் எளிய உதாரணம் காட்டுகின்றார். சில குழல்கள் உள்ளன. அவற்றை எவருக்குக் கொடுப்பது? உயர்குடிப் பிறந்தவருக்கோ அழகுடையவருக்கோ அன்று; நன்றாகக் குழல் வாசிப்பவருக்கே கொடுத்தல் வேண்டும் என்பது அவர் முடிபு. குழல் இருப்பது வாசிப்பதற்கு. ஆதலின் வாசிப்புத்திறனே அதற்கு உரிமை தருவது. இந்நியாயத்தைக் களத்துக்கு ஏற்றின், வயது ஒரு தகுதியும் அன்று, தகுதியின்மையும் அன்று. இன்று யார் நன்றாக ஆடுகின்றாரோ அவருக்கே இடம் உரியது.

இத்தேர்வில் வெற்றிபெற்ற முதியோர் உளர். இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்ரான்லி மத்தியூஸ் 1961 ஒக்டோபரில், தமது 46 ஆவது வயதிலே, தாம் முன்னர் ஆடிய ஸ்ரோக் சிற்றி கழகத்துக்கு மீண்டார். அப்பொழுது அக்கழகம் இரண்டாம் பிரிவிலே தாழ்ந்து கிடந்தது. அவர் வருவதற்கு முந்திய உள்ளூர் ஆட்டத்தைப் பார்க்க வந்தோர் 8,409 பேர்; அவர் மீண்டும் ஆடிய முதல் ஆட்டத்துக்கு வந்தோர் 35,974 பேர். கூட்டத்தைக் கூட்டியது அவர் பெயர் எனலாம். ஆனால் 1963 இல் அக்கழகம் இரண்டாம் பிரிவின் முதன்மையிடத்தைப் பெற்று முதலாம் பிரிவுக்கு உயர்ந்ததற்கு வெறும் பெயர் காரணமாகாது; 48 வயதான அவரது கால்களுக்கும் அதிற் பங்குண்டு. 1965 பெப்ரவரியிலே, 50 வயது நிறைந்து சில நாள்களின் பின், அவர் தமது இறுதிப் பிரிவாட்டத்தை ஆடினார்.

கமரூன் நாட்டின் றொஜர் மில்லாவும் இத்தகையவரே. சர்வதேச ஆட்டங்களிலிருந்து ஒதுங்கியிருந்த அவர், நாட்டுத் தலைவரின் வேண்டுகோளையேற்று 1990 உலகக் கிண்ணப் போட்டிக்கு 38 வயதில் அழைத்துவரப்பட்டார். அங்கே அவர் எந்த ஆட்டத்தையும் தொடக்கத்திலிருந்து ஆடவில்லை. மாற்று வீரராக இடையிற் புகுந்தே 4 கோல்களை அடித்தார். ஆபிரிக்க அணியொன்று முதன்முறையாகக் காலிறுதியை எட்டியது. இங்கே கவனிக்கவேண்டியது கோல்களின் தொகை மாத்திரமன்று. இளையவர் ஓடிக் களைத்த பின்னர், எஞ்சிய அரைமணி நேரத்துக்குரிய வலிமையை மாத்திரம் உடையவராய், அவ்வளவுக்கே உரிய இடத்தைப் பெற்றுக்கொண்டு அவர் வந்தார். எவருடைய இடத்தையும் அவர் பறிக்கவில்லை.

ஆயினும் முதிர்ந்தோரை அழைக்கும் கழகங்கள் யாவும் திறனை நாடியே அழைக்கின்றன என்று கொள்ளல் பேதைமை. புகழை நாடி அழைப்பனவே பல. 1975 இல் பெலே தமது 34 ஆவது வயதிலே நியூயோர்க் கொஸ்மொஸ் கழகத்திற் சேர்ந்தார். உதைபந்தைப் பெரிதும் மதியாத நாட்டிலே 1977 இல் ஒரே ஆட்டத்துக்கு 77,691 பேர் திரண்டனர். அவ்வாண்டிலேயே கொஸ்மொஸ் கல்கத்தாவுக்கும் வந்து, ஈடன் கார்டன்ஸ் திடலிலே மொகுன் பகான் கழகத்தோடு 2–2 என்னும் கணக்கிற் சமநிலை கண்டது. பெலேயின் ஆட்டத்தைக் கண்டோர் அதனைத் தம் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லி மகிழ்ந்தனர். ஆனால் பெலே 1977 இல் விடைபெற்றார். பிற பெரியோரும் ஒருவர்பின் ஒருவராக விலகினர். 1984 ஆம் ஆண்டுப் பருவத்தோடு அந்த வட அமெரிக்கச் சங்கப் போட்டியே நின்றுபோயிற்று. அதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, ஆட்களைப் பார்க்கவந்த கூட்டம் ஆட்டத்தைப் பார்க்கவந்த கூட்டமாக மாறுவதற்குள் ஆட்கள் போய்விட்டமை எனலாம்.

நமக்கு அணித்தான உதாரணம் 2014 இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் போட்டியாகும். ஒவ்வோர் அணியும் உலகறிந்த ஆட்டக்காரர் ஒருவரை முன்னிறுத்திக் களமிறங்கிற்று. டெல்லி அணிக்கு வந்த இத்தாலியரான டெல் பியறோ அப்பருவத்திலேயே 40 வயதை நிறைவுசெய்தார். 10 ஆட்டங்களில் ஆடி ஒரு கோலே அடித்தார். சென்னை அணிக்கு வந்த பிறேசில் நாட்டு எலானோவோ 33 வயதினர். 8 கோல்கள் அடித்து அப்பருவத்தில் அதிக கோல் அடித்தவராக விளங்கினார். அதே சென்னை அணியில் ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் இருந்தவர் 41 வயதான மாற்கோ மற்றராசி. 2015 இலே அவர் பயிற்றுவித்த சென்னை அணி கிண்ணத்தை வென்றது. இறுதியாட்டத்தின் இறுதிக்கணத்திலே வெற்றிக்கோலை அடித்த மென்டோசாவுக்கு அப்பொழுது வயது 23. முதியவர் கோட்டுக்கு வெளியே நிற்க, இளையவர் கோட்டுக்குள்ளே வென்ற இக்காட்சி சிந்தனைக்குரியது.

அப்போட்டியின் விதிகளும் காலப்போக்கில் மாறின. தொடக்கத்திலே களத்தில் 6 வெளிநாட்டவர்வரை நிற்கலாம் என்றிருந்தது. 2017–18 பருவத்தில் அது 5 ஆகவும், 2021–22 பருவத்தில் 4 ஆகவும் குறைக்கப்பட்டது. வெளிநாட்டவர் யாவரும் முதியவரல்லர். எனினும் விதியின் உட்கருத்து நம் வினாவோடு நெருங்கியது. புறத்தேயிருந்து வரும் தேர்ந்த ஒருவரால் உள்ளூர் இளைஞன் கற்பது ஒருபுறம், இடமிழப்பது மறுபுறம். இவ்விரண்டுக்கும் இடையே ஓர் எல்லைக்கோடு தானாக அமைவதில்லை. எவரேனும் அதனைக் கீறவேண்டியிருக்கின்றது.

கற்றல் என்றோம். அரிஸ்டோட்டிலின் குழல் உதாரணம் போதாமற்போவது இவ்விடத்திலேதான். குழல் வாசிப்பவர் தமக்கென வாசிக்கின்றார். ஆட்டக்காரரோ ஒன்பது அல்லது பதினொரு பேருள் ஒருவராக ஆடுகின்றார். அவரோடு நிற்போர் அவரால் மேம்படுவராயின் அதுவும் அவர் திறனின் பகுதியே. திருக்குறளிலே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருவன. அரசர்க்கென வகுத்த அவை ஆடுகளத்துக்கும் பொருந்துவன. இளையவனிடத்து வலியுண்டு, அதனை அறிதல் இல்லை. பந்து எங்குளதோ அங்கு அவன் ஓடுகின்றான். முதிர்ந்தவரோ பந்து எங்கு வரப்போகின்றதோ அங்கு முன்னரே நிற்கின்றார். ஓடாதிருக்கவேண்டிய வேளை எது, எதிரியை எவ்வளவு தூரம் வரவிட்டு மறிப்பது, முன்னணியில் இருக்கும்பொழுது ஆட்டத்தின் வேகத்தை எவ்வாறு தணிப்பது என்பனவற்றைப் புத்தகத்திலிருந்து பெறமுடியாது. பக்கத்தில் நின்று ஆடுபவரிடமிருந்தே அவை வரும். தோல்வியின் பின் வாய்திறவாது காலணியைக் கழற்றுவது எப்படி என்பதையும் அவ்வாறே கற்கவேண்டும்.

ஆனால் இவ்வாதத்துக்குள்ளேயே அதன் எல்லையும் அடங்கியிருக்கின்றது. முதியவரிடமிருந்து இளையவன் கற்பது அவரோடு ஆடும்பொழுது. அவருக்காக வெளியே அமர்ந்திருக்கும்பொழுதன்று. ஓர் அணியிலே ஒருவரோ இருவரோ முதியவராயின் அவர் ஆசிரியர். ஐவர் முதியவராயின் அது வகுப்பறையன்று. ஆசிரியர்கள் மாத்திரம் கூடிய கூட்டம். மாணவர் வெளியே நிற்கின்றனர்.

இனி நன்றியுணர்வைப் பற்றிச் சிந்திப்போம். ஊர்க்கழகத்தில் மூத்தவர் ஒருவரை விலக்கிவைப்பது கடினம். அவர் புதிதாக வந்தவராயினும் எங்கோ எவருக்கோ ஆசானாக இருந்திருப்பார். ஒருகாலத்தில் எதிரணியில் ஆடி நம் குறிச்சியைத் தோற்கடித்தவராகவும் இருக்கலாம். அவருக்கு முன்னால் இளைய தலைவன் ஒருவன், “அண்ணை, இன்றைக்கு நீங்கள் வெளியில் இருக்கவேண்டும்” என்று சொல்ல நாவெழாது. இத்தயக்கம் இழிவானதன்று, அது பண்பின் பாற்பட்டது. ஆயினும் பண்பு நீதியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாமா?

வள்ளுவர் செய்ந்நன்றியறிதலை 11 ஆவது அதிகாரமாகவும் நடுவுநிலைமையை 12 ஆவது அதிகாரமாகவும் வைத்துள்ளார். இவ்வைப்பு முறைக்குப் பரிமேலழகர் கூறும் காரணம் நுட்பமானது. நமக்கு நன்மை செய்தவரிடத்து அந்நன்மையை நினைக்கும்பொழுதே நடுவுநிலைமை தளர்வதற்கு வாய்ப்புண்டு. அவ்விடத்தும் அது தளரலாகாது என்பதனை உணர்த்தவே நன்றியின் பின்னர் நடுவு வைக்கப்பட்டது என்பது அவர் கருத்து. பகைவரிடத்து நடுநிற்றல் அரிது என்பதை எவரும் அறிவர். நன்றிக்குரியோரிடத்து நடுநிற்றல் அதனினும் அரிது என்பதைப் பரிமேலழகர் கண்டார். நன்றியை நன்றியாகவே செலுத்துக. பொன்னாடையாக, முதல் வரிசை ஆசனமாக, சுற்றுப்போட்டிக்கு இடும் பெயராகச் செலுத்துக. மற்றொருவனுக்குரிய இடத்தை எடுத்து அதனைச் செலுத்துவது பிறர் பொருளாற் செய்யும் தானத்தையே ஒக்கும்.

இதற்கு இதிகாசமும் சான்று பகரும். குருச்சேத்திரத்திலே கௌரவ சேனைக்கு முதற்றலைவராக நின்றவர் முதுபெரும் வீரராகிய வீடுமர். செஞ்சோற்றுக்கடன் கழிக்க அவர் போர்க்களம் புகுந்தார். அவர் வலிமையில் எவர்க்கும் ஐயமில்லை. ஆனால் படையினரை மதிப்பிடும்பொழுது அவர் கன்னனை அரைத்தேர் வீரன் என்று தாழ்த்திக் கூறினார். வெகுண்ட கன்னன் வீடுமர் வீழுமளவும் வில்லெடேன் எனச் சூளுரைத்து விலகினான். பத்து நாட் போர் அவனின்றியே கழிந்தது. பெருவீரர் ஒருவர் களத்தில் நின்றதாற் பெற்ற வலிமையை எல்லாரும் கண்டனர். அவர் நின்றதால் வெளியே நின்றவனின் வலிமையை எவரும் கணக்கிற் சேர்க்கவில்லை. கழகங்கள் செய்யும் கணக்கும் இத்தகையதே. மூத்தவர் அடித்த கோல் ஏட்டில் ஏறும். அவருக்காக இடமிழந்து, மனமொடிந்து, பந்தையே கைவிட்ட பையன் அடித்திருக்கக்கூடிய கோல்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

நம் மண்ணுக்கு இதிலே சிறப்பான பொறுப்பு ஒன்றுண்டு. திறனை நோக்காது இடம் வழங்கிய சமுதாயத்தின் நினைவு நமக்கு நெடுந்தொலைவிலுள்ளதன்று. 1968 இல் மாவிட்டபுரத்திலே ஆலயத்துள் நுழைவதற்காக மனிதர் போராடவேண்டியிருந்தது. பிறப்பால் இடம் மறுப்பதும் முதியவருக்கு இடம் கொடுப்பதும் ஒன்றல்ல. முன்னது கொடுமை, பின்னது அன்பின் மிகை. ஆயினும் ‘இவர் இன்று என்ன செய்ய வல்லார்’ என்பதைக் கேளாது ‘இவர் யார்’ என்று மாத்திரம் கேட்கும் பழக்கம் இரண்டுக்கும் பொது. அப்பழக்கத்தை வேரறுக்க முயலும் ஊர், அது அன்பின் வேடத்தில் வரும்பொழுதும் அடையாளம் காணல் வேண்டும்.

பணத்தின் வேடத்திலும் அது வருகின்றது. புலம்பெயர்ந்து வாழும் நம்மவர் ஊர்க்கழகங்களுக்குச் செய்யும் உதவி பெரிது. மைதானத்துக்கு மதில், ஆட்டக்காரருக்குச் சீருடை, இரவாட்டத்துக்கு மின்னொளி என அவர்தம் கொடை கண்கூடு. அவர் விடுமுறைக்கு வருங்கால் ஒரு மாலைப்பொழுது பழைய தோழரோடு பந்தடிக்க விரும்புவது இயல்பு. அதனை மறுப்பார் மனிதரல்லர். ஆனால் கிண்ணத்துக்கான ஆட்டத்திலும் அவருக்கோர் இடம் ஒதுக்கப்படுமாயின் கொடை விலையாகிவிடும். கொடுத்தவரும் அதனை விரும்பார். விரும்புவாராயின் அவர் கொடுத்தது கொடையன்று.

மறுபக்கத்தையும் நோக்காதுவிடின் நாமே நடுவுநிலை பிறழ்ந்தவராவோம். முதிர்ந்த ஆட்டக்காரரின் வேட்கையை வெறும் புகழாசை என்று தள்ளிவிடலாகாது. புறநானூற்றிலே தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய பாட்டு ஒன்றுண்டு. நீர்த்துறையின் மருதமரக் கிளையிலிருந்து கரையிலுள்ளோர் மருள ஆழ்நீரிற் குதித்து, அடிமணலை அள்ளிவந்து காட்டிய தம் இளமையை, இருமலும் ஊன்றுகோலுமாகிய முதுமையில் இருந்து அவர் நினைந்திரங்குகின்றார். உடலால் வாழ்ந்தவன் உடலை இழப்பது, மற்றையோர் பதவியை இழப்பதினும் கொடிது. இன்னும் ஓராண்டு, இன்னுமோர் ஆட்டம் என்று அவர் கேட்பது உயிரின் குரல். அதனை அலட்சியம் செய்யும் கழகம் இளையோருக்கும் நல்ல பாடம் புகட்டாது. தம் முதுமையில் தம்மையும் இவ்வாறே தள்ளுவர் என்பதைத்தான் அவர்கள் அதனாற் கற்பர்.

எனவே இருபாலார்க்கும் கடமைகள் உள. முதிர்ந்து வருபவர் எல்லாரும் நுழையும் வாயிலால் நுழைதல் வேண்டும். பயிற்சிக்கு வந்து, தேர்வுக்கு நின்று, தேறாவிடின் வெளியே அமர்தல் வேண்டும். தமக்குப்பின் தம் இடத்தில் ஆடவல்லான் ஒருவனை முதல் நாளிலிருந்தே ஆக்கத் தொடங்குதல் வேண்டும். கழகமோ அவரை எதற்காக அழைக்கின்றது என்பதைத் தனக்கும் அவருக்கும் ஒளியாது சொல்லுதல் வேண்டும். ஆடவா, கற்பிக்கவா, கூட்டம் சேர்க்கவா? மூன்றும் குற்றமல்ல. ஒன்றின் பெயரால் மற்றொன்றைச் செய்வதே குற்றம். கூட்டம் சேர்க்க அழைத்துவிட்டு, ஆட்டத்தில் தோற்றபின் அவர் கால்களைப் பழிப்பது நன்றிகேடு. கற்பிக்க அழைத்துவிட்டு ஒரு மாணவனையும் அருகில் நிறுத்தாமை வீண்செலவு.

றொஜர் மில்லா 1994 இல், 42 வயதிலே, மீண்டும் உலகக் கிண்ணத்துக்கு வந்தார்; ரஷ்யாவுக்கு எதிராக ஒரு கோலும் அடித்தார். உலகக் கிண்ணத்திற் கோல் அடித்தவர்களுள் மிக மூத்தவர் என்ற பெயர் அதனால் நிலைத்தது. அன்றைய ஆட்டத்தில் அவர் அணி 6–1 என்று தோற்றது. 1990 இல் அவர் கோல்கள் அணியை உயர்த்தின. 1994 இல் அவர் கோல் அவரை மாத்திரமே உயர்த்திற்று. அவரிடத்துக் குறைகாண்பதற்காக இதனைக் கூறவில்லை. மனிதர் ஒருவரே, திறனும் பெரிதும் ஒன்றே, அவரைச் சூழ நான்கு ஆண்டுகளில் வேறோர் அணி வளர்ந்திருந்ததா என்பதே வினா.

முதிர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் கழகத்துக்கு வந்ததால் விளைந்த பயனை, அவர் ஆடிய பருவத்தின் வெற்றிகளைக் கொண்டு அளத்தல் ஆகாது. அவர் போன பின்னர் வரும் பருவத்தைக் கொண்டே அளத்தல் வேண்டும். அவர் நின்ற இடத்தில் அடுத்த ஆண்டு ஒரு பையன் நின்று, பந்து வருமுன் அது வருமிடத்தை அறிந்து காத்திருப்பானாயின், கழகம் அவருக்குக் கொடுத்த இடம் நீதியானதே. அவ்விடம் வெறுமையாகக் கிடந்து, அதனை நிரப்ப இன்னொரு முதியவரைத் தேடிக் கழகம் புறப்படுமாயின், நன்றியின் பெயரால் நடுவை இழந்தோம் என்பதை அறிந்து அடுத்த தேர்விலேனும் அதனைத் திருத்திக்கொள்வது அக்கழகத்தின் கடன்.